நம் உரிமையும் நம்மீதுள்ள உரிமையும்

பேருந்து நடத்துநர் 'ரைட்' என்கிறார், வண்டி நகர்கிறது. ஆசிரியர் விடைத்தாளைப் பார்த்து 'ரைட்' என்கிறார். மாணவன் முகம் மலர்கிறது. வழி கேட்டவருக்கு 'ரைட்டில் திரும்புங்கள்' என்கிறோம். நீதிமன்ற வாயிலில் நிற்பவர் 'இது என் ரைட்' என்கிறார். ஆங்கிலம் கற்றவர், கல்லாதவர் என்ற வேறுபாடின்றி நம்மவர் நாவில் அன்றாடம் புரளும் இச்சொல்தான் எத்தனை பொருள்களைச் சுமந்து திரிகிறது! நேரானது, பிழையற்றது, அறத்திற்கு இசைந்தது, வலப்புறம், ஒருவர் கேட்டுப் பெறத்தக்கது ஆகிய அத்தனையும் அச்சிறு சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றன.

ஒரு சொல்லின் உள்ளறைகளைக் காண வேண்டுமாயின் அதனை வேற்று மொழியில் பெயர்த்துப் பார்க்க வேண்டும். தன் மொழிக்குள்ளேயே இருப்பவனுக்குத் தெரியாத கதவுகள் மொழிபெயர்ப்பவனுக்குத் தெரியும். 'ரைட்' என்பதைத் துருக்கி மொழியில் பெயர்க்கப் புகுவோர்க்கு ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும். அம்மூன்றனுள் ஒன்று, தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு முன்பே செவிப்பழக்கமானது. அது நம்மை ஒரு பெரிய அற வினாவின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதன் பொருட்டே இக்கட்டுரை.

முதற்சொல் 'ஸா'. வலக்கை, வலப்பக்கம் என்பது அதன் பொருள். அதே சொல்லுக்கு உயிரோடிருப்பது, நலத்தோடிருப்பது என்ற பொருளும் உண்டு. துருக்கியர் நன்றி கூற விரும்பினால் 'ஸா ஓல்' என்பர். உயிரோடு இரு, நலமாக இரு என்று பொருள். தாகத்திற்கு நீர் கொடுத்தவரை நம் ஊர்ப் பாட்டி 'நல்லாயிரு' என்று வாழ்த்துவாளே, அதே பண்பு. வலம் என்னும் நம் சொல்லிலும் வலிமை, வெற்றி என்ற பொருள்கள் உறைகின்றன. 1789இல் பிரான்சு நாட்டுத் தேசியப் பேரவையில் மன்னரின் அதிகாரத்தை ஆதரித்தோர் தலைவருக்கு வலப்பக்கம் அமர்ந்ததால் அரசியலில் பிறந்த 'வலதுசாரி' என்ற பொருளும், பின்னர்த் துருக்கி மொழியில் இச்சொல்லின்மீதே ஏறிக்கொண்டது.

இரண்டாம் சொல் 'தோரு'. நேரான கோடும் தோரு. பிழையற்ற விடையும் தோரு. உண்மையான கூற்றும் தோரு. ஆங்கிலச் சொல்லின் வேரிலும் இந்த 'நேர்' என்ற கருத்தே உள்ளது. நாமும் நேரிலிருந்து நேர்மையைப் பெற்றோம். செங்கோல், கொடுங்கோல் என்று ஆட்சியின் அறத்தையே கோலின் நேரையும் வளைவையும் கொண்டு அளந்தோம். உண்மை பேசுகிறவனை ஒன்பது ஊரிலிருந்து விரட்டுவார்கள் என்பது துருக்கியர் பழமொழி. தோரு விரும்பத்தக்கது, ஆனால் விலை மிகுந்தது என்பதை அவர்களும் அறிவர்.

மூன்றாம் சொல் 'ஹக்'. உரிமை என்று நாம் பெயர்ப்பது இதனையே. அரபு மொழியிலிருந்து துருக்கிக்குச் சென்ற இச்சொல், பாரசீகம், உருது வழியாக இந்திய மண்ணிலும் பரவியது. தில்லியில் 'ஹக்' என்றும், மராத்தியில் 'ஹக்க' என்றும், கன்னடத்திலும் தெலுங்கிலும் 'ஹக்கு' என்றும் வழங்குவது இதுவே. நம்முள் பலர் நியாயவிலைக் கடை வரிசையிலும் தொழிற்சங்கக் கூட்டத்திலும் இச்சொல்லைக் கேட்டே அண்டை மொழியைக் கற்றிருப்போம்.

முஸ்தபா கெமால் அத்தாத்துர்க் காலத்தில் 1928இல் துருக்கியர் தம் எழுத்தையே மாற்றிக்கொண்டனர். 1932இல் தோன்றிய மொழிக் கழகம் அரபு, பாரசீகச் சொற்களைக் களைந்து தாய்மொழிச் சொற்களை ஆக்கும் பெரும்பணியை மேற்கொண்டது. 1916 முதல் தனித்தமிழ் இயக்கம் கண்ட நமக்கு அம்முயற்சி புதிதன்று. எத்தனையோ அரபுச் சொற்கள் வழக்கிழந்தன, ஹக் அசையவில்லை. மக்கள் வாழ்வில் அது அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

இம்மூன்று சொற்களையும் பிரித்து வைத்துப் பார்க்கும்போது, ஆங்கிலச் சொல்லில் ஒளிந்திருக்கும் ஓர் இடர் புலனாகிறது. 'நான் சொல்வது சரி' என்பது ஒன்று; 'எனக்கு உரிமை உண்டு' என்பது வேறொன்று; 'வலிமை என் பக்கம் இருக்கிறது' என்பது இன்னொன்று. மூன்றுக்கும் ஒரே சொல் இருந்தால், மனம் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தன்னையறியாமலே வழுக்கிச் செல்லும். உரிமை இருப்பதனாலேயே செய்வது சரியாகிவிடுமா? கணக்கு சரியாக இருப்பதனாலேயே நியாயம் நிறைவேறிவிடுமா? துருக்கி மொழியில் கூற்றைத் 'தோரு' என்பர். ஆளை 'ஹக்லு', அதாவது ஹக் உடையவன் என்பர். எனவே ஒருவன் தோருவானதையே பேசிக்கொண்டு ஹக் இல்லாதவனாக நிற்க முடியும். ஏழையிடம் ஒரு காசும் தவறாமல் வட்டி கணக்கிடுபவனின் கூட்டலில் பிழை காண முடியாது. அவனிடம் நியாயம் இருக்கிறதா என்பது வேறு வினா.

இனி ஹக் என்பதன் உள்ளே நுழைவோம். அச்சொல்லின் விரிவு வியப்பூட்டுவது. உரிமை, பங்கு, உழைப்புக்குரிய கூலி, நியாயம், உண்மை ஆகிய அனைத்தும் ஹக்கே. இறைவனின் திருப்பெயர்களுள் ஒன்றும் ஹக். 'நானே ஹக்' என்று கூறியதாக மரபு சொல்லும் சூஃபி ஞானி மன்சூர் அல் ஹல்லாஜ், 922இல் பாக்தாதில் கொல்லப்பட்டார். கூலிக்காரனுக்குத் தரவேண்டிய காசையும் பரம்பொருளையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி, கூலியைக் குறைப்பது எத்தகைய குற்றம் என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

அதனினும் நம் கருத்தை ஈர்ப்பது அச்சொல் இயங்கும் திசை. 'என் உரிமை' என்று துருக்கியரும் பேசுவர். ஆனால் இல்லறத்திலும் தெருவிலும் ஹக் பெரும்பாலும் எதிர்த்திசையில் வருகிறது. 'அவருக்கு என்மீது ஹக் இருக்கிறது' என்பர். என் கையிலுள்ள பத்திரமாக அன்று, என் தோளிலுள்ள சுமையாக அது தோன்றுகிறது. பால் கொடுத்த தாய்க்கு என்மீது 'பால் ஹக்' உண்டு. ஒருவர் வீட்டு உப்பையும் ரொட்டியையும் உண்டவன்மீது 'உப்பு ரொட்டி ஹக்' உண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன நம் பாட்டன்மார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டாருக்கு 'அயலார் ஹக்' உண்டு. எல்லாவற்றினும் இனியது 'கண்ணின் ஹக்'. நாம் உண்ணும் பண்டத்தை ஒரு குழந்தையோ கருவுற்ற பெண்ணோ வழிப்போக்கரோ பார்த்துவிட்டால், பார்த்த கண்ணுக்கு அதில் ஒரு சிறு பங்கு சேர்ந்துவிடுகிறதாம். கொடுக்காமல் உண்பது முறையன்று. இதற்கு எந்தச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது? எந்த நீதிமன்றம் இவ்வழக்கை ஏற்கும்? ஆயினும் அது உரிமையே, தயவு அன்று. பார்த்தவர் கை நீட்டுவதில்லை. உண்பவர் மனமே நீட்டிக் கொடுக்கிறது.

இவையனைத்துக்கும் பொதுவாகக் 'குல் ஹக்கு' என்றொரு தொடர் உண்டு. சக மனிதனின் உரிமை என்பது பொருள். இறைவனுக்குச் செய்யத் தவறியதை இறைவன் மன்னிக்கலாம்; சக மனிதனுக்குச் செய்த தீங்கை அம்மனிதனே மன்னிக்க வேண்டும் என்பது இஸ்லாமியர் நெறி. ஆதலால் நெடும்பயணம் புறப்படும் துருக்கியர், உற்றாரின் கைபற்றி, 'என்மீது உமக்குள்ள ஹக்கை ஹெலால் செய்துவிடும்' என்று வேண்டுவர். 'தீர்ந்தது என்று விடுவியும்' என்பதே அதன் கருத்து. ஒருவர் இறந்தால், பிணப்பெட்டியைக் கல்மேடைமீது வைத்துத் தொழுகை நடத்தும் இமாம், கூடியிருப்போரை நோக்கி, 'உங்கள் ஹக்கை இவருக்கு ஹெலால் செய்கிறீர்களா?' என்று வினவுவார். 'ஹெலால் ஆகட்டும்' என்று எல்லோரும் விடையிறுப்பர். இறந்தவரின் சொத்தில் யாருக்கு என்ன பங்கு என்ற வினா பின்னர் வரும். அவர் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற வினாவே முன்னர் வருகிறது. ஹஜ் புறப்படும் தமிழ் முஸ்லிம் பெரியோர் வீடுவீடாகச் சென்று பிழைபொறுக்க வேண்டுவதை நம்முள் பலர் கண்டிருப்போம். அதுவும் இந்நெறியின் வழிப்பட்டதே.

இப்போது வினாவை நேராகவே எழுப்பலாம். உரிமை என்பது நாம் பிறரிடம் கேட்டுப் பெறுவதா? பிறர்க்கு நம்மீது உள்ளதா? எது முந்தியது?

கடமையே முந்தியது என்று பெரியோர் பலர் கூறியுள்ளனர். 1947இல் மனித உரிமைகளைப் பற்றிக் கருத்துக் கேட்டு யுனெஸ்கோவின் சார்பில் ஜூலியன் ஹக்ஸ்லி எழுதிய கடிதத்திற்கு விடையிறுத்த காந்தியடிகள், நன்கு ஆற்றிய கடமையினின்றே உரிமைகள் பிறக்கின்றன என்பதை எழுத்தறியாத தம் தாயிடம் கற்றதாகக் குறிப்பிட்டார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1949இல் வெளிவந்த நூலும், கடப்பாடு என்னும் கருத்து உரிமைக்கு முற்பட்டது என்றே தொடங்குகிறது.

ஆயினும் இதனை முழுமையாக ஏற்பதற்குமுன் நாம் சற்றே தயங்க வேண்டும். கடமையைப் போதித்தே உரிமையை மறுத்த வரலாறு நம் நாட்டில் நீண்டது. 1927 மார்ச் 20ஆம் நாள், மராத்தி வழங்கும் மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் பல்லாயிரவருடன் நடந்து சென்று பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். ஊரார் தம்மீதுள்ள ஹக்கை உணர்ந்து வந்து அழைப்பார்கள் என்று காத்திருந்தால் அந்நீர் இன்றும் எட்டாதிருக்கும். துருக்கியிலும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் பெண்களுக்கு 1934இல் கிடைத்தது 'ஹக்' என்ற பெயரிலேதான். ஒரு கூட்டத்தாரின் மனச்சான்றை மட்டுமே நம்பியிருக்கும் உரிமை, அம்மனச்சான்று உறங்கும்போது தானும் உறங்கிவிடும்.

விடுவிக்கச் சொல்லும் வழக்கத்திலும் ஒரு தீங்கு பதுங்கியிருக்கிறது. கூட்டத்தின் நடுவே, பிணப்பெட்டியின் முன்னே, 'ஹெலால் செய்யமாட்டேன்' என்று சொல்லத் துணிவோர் எத்தனை பேர்? மன்னிக்கக் கேட்பது எளிது; பட்ட கடனைத் தீர்த்தபின் கேட்பதே அறம்.

இவ்விரு உண்மைகளும் நம் வீட்டு முற்றத்திலேயே சந்திக்கின்றன. ஊரில் பழைய வீடு, தந்தை மறைந்துவிட்டார். ஒரு மகன் பம்பாய்க்கோ தில்லிக்கோ வந்து தலையெடுத்தான். இன்னொரு மகன் ஊரிலேயே தங்கித் தாயின் படுக்கையருகே பத்தாண்டுகள் விழித்திருந்தான். ஒரு மகளும் உண்டு. பாகம் பிரிக்கும் நாள் வருகிறது. வெளியூர் மகன், 'சமபங்கு என் ரைட்' என்கிறான். சட்டப்படி அது சரியே. அவன் கூற்று தோரு. ஆனால் விழித்திருந்த இரவுகளுக்காகத் தம்பிக்கு அவன்மீது ஒரு ஹக் இருக்கிறதே, அதனை எந்தப் பத்திரத்தில் எழுதுவது? சகோதரியையோ, பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுமைக்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் மகளுக்கும் மகனுக்கொப்பப் பங்கு அளித்தன. அது பிறப்பிலேயே வருவது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆயினும் 'அண்ணன் தம்பியோடு உறவு வேண்டாமா?' என்ற ஒரு சொல்லின்முன் அவள் பேனாவை எடுக்கிறாள். உறவைக் காட்டிப் பெற்ற விடுதலை விடுதலையாகுமா? பிணப்பெட்டியின்முன் எழும் தயக்கம் இங்குப் பதிவு அலுவலகத்தில் எழுகிறது.

இவர்களுள் யார் எந்தச் சொல்லைப் பேசவேண்டும் என்பதிலேதான் அறம் இருக்கிறது. இழந்து நிற்பவர் 'என் உரிமை' என்று பேசட்டும். அது பேராசையன்று, நீதி. பெற்று வாழ்பவர் 'என்மீது யாருக்கு உரிமை?' என்று கேட்கட்டும்; அது பெருந்தன்மையன்று, கடன். இடம் மாறிப் பேசும்போதே குடும்பம் குலைகிறது. இருப்பவன் உரிமை பேசி, இல்லாதவளுக்குக் கடமையைப் போதிக்கும்போது சொற்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். நியாயம் மட்டும் இராது.

இந்த இருமையைக் கற்க நாம் துருக்கி வரை சென்றுவந்தோம். ஆனால் நம் சொல்லே அதனைப் பொதிந்து வைத்திருக்கிறது. உரிமை என்பதன் அடி 'உரிய' என்பது. சுற்றத்தாரை உரியவர் என்கிறோம். 'உரிமையோடு கேட்கிறேன்' என்று நண்பர் சொன்னால், அவர் வழக்காட வரவில்லை, நெருக்கத்தைச் சொல்கிறார். எனக்கு உரியதும் எனக்கு உரியவரும் ஒரே வேரில் கிளைத்தவர்கள். உரியதைப் பெறுவதற்காக உரியவரை இழப்பவன் அச்சொல்லின் பாதியை வெட்டி எறிகிறான். உரியவரின் பெயரால் ஒருத்தியின் உரியதைப் பறிப்பவன் மறுபாதியை எறிகிறான்.

ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று நாம் 'போய் வருகிறேன்' என்றே சொல்லி வந்தோம். போகிறேன் என்று சொல்வது நம் மரபன்று. துருக்கியர் புறப்படும்போது கடனை விடுவிக்க வேண்டுகின்றனர். நாமோ திரும்பி வருவதாக வாக்களிக்கிறோம். விடுவிக்க நாம் கேட்கவில்லை. ஆதலால் அக்கடன் நம்மீது இன்னும் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, பட்டாவையும் பத்திரத்தையும் பார்ப்பதற்குமுன், நம்மீது உரிமையுடையோர் யார் யார் என்று எண்ணிப் பார்ப்போமாக.