டவுட்டும் சந்தேகமும்

சேலம், நாமக்கல் பகுதிப் பள்ளிகளில் மாணவர் ஆசிரியரை அணுகி, ‘ஒரு டவுட்’ என்கின்றனர். ஐயத்தைக் குறிக்கும் அவ்வாங்கிலச் சொல் நம்மிடையே ‘கேள்வி’ என்றே வழங்குகிறது. ‘சந்தேகம்’ என்பதையோ நாம் இரண்டிற்கும் ஆள்கிறோம்: பாடத்தில் எழும் ஐயமும் சந்தேகமே, மனைவிமேல் கணவன் கொள்ளும் அவநம்பிக்கையும் சந்தேகமே. முன்னது விடையை நாடுகிறது. பின்னது எவ்விடை வரினும் அடங்குவதில்லை.

புனித தோமையாரைச் ‘சந்தேகத் தோமா’ என்கிறோம். யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தை ஊன்றி நோக்கின், அவருடையது மாணவனின் ஐயமே. ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை. தம் காயங்களைத் தொட்டுணர அழைத்தார். விடை கண்டதும் தோமையார் பணிந்தார். மறைக்கல்வி வகுப்பில் நம் பிள்ளைகள் எழுப்பும் வினாக்களை அவநம்பிக்கையென்று அடக்காது, ‘டவுட்’ என்றே ஏற்று, பொறுமையுடன் விடை தேடித் தருவோமாக.