தண்டம் கட்டுவது யார்?

பேச்சுத் துணைக்கு சாட்ஜிபிடியா, ஜெமினியா? செயலி உருவாக்க ரெப்ளிட்டா, லவபிளா? பாட்டுப் போட சூனோவா, உடியோவா? எது கெட்டிக்காரக் கருவி என்று ஊரெங்கும் பட்டிமன்றம் நடக்கிறது. பகுத்தறிவுள்ளவர் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் எழவில்லை. தவறு நடந்தால் தண்டம் கட்டுவது யார்?

பேச்சுக் கருவியை எடுத்துக்கொள்வோம். 2023இல் நியூயார்க் வழக்கறிஞர் ஒருவர், விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் காட்ட முன்தீர்ப்புகளை சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கினார். அவற்றில் ஆறு, எந்த நீதிமன்றமும் வழங்காத தீர்ப்புகள். அவருக்கும் சந்தேகம் தட்டியிருக்கிறது. சட்ட நூலகத்துக்குப் போனாரா? இல்லை. 'இந்த வழக்கு உண்மைதானா?' என்று அதே சாட்ஜிபிடியிடம் கேட்டார். 'ஆமாம்' என்றது, நம்பிவிட்டார். குறி பலிக்குமா என்று குறி சொன்னவரிடமே கேட்ட கதைதான். நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தது அவர் மீதும் சக வழக்கறிஞர் மீதும் அவர்களது நிறுவனத்தின் மீதும். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணக்கிட்டுக் கோக்கும் கருவிக்கு மெய்யும் பொய்யும் ஒரே வழவழப்பில்தான் வரும்.

செயலி உருவாக்கும் கருவியில் பாதித் தவறு உடனே தெரிந்துவிடும். பொத்தானை அழுத்தினால் வேலை செய்யாது. மீதிப் பாதிதான் ஆபத்து. 2025 ஜூலையில், 'எதையும் மாற்றாதே' என்று கட்டளை இருந்தும், ரெப்ளிட்டின் ஏஐ முகவர் ஒரு பயனரின் தரவுத்தளத்தை அழித்தது. மீட்க முடியாது என்றும் சொன்னது. அதுவும் தவறு, மீட்க முடிந்தது. கடைசியில் மன்னிப்புக் கேட்டவர் நிறுவனத்தின் தலைவர். நிரல் எழுதத் தெரியாதவரும் செயலி செய்யலாம் என்பது நல்ல செய்திதான். ஆனால் அந்தச் செயலியில் ஆயிரம் பேர் தங்கள் கைபேசி எண்ணைப் பதிகிறார்கள். அது கசிந்தால் 'எனக்கு நிரல் தெரியாதே' என்பது பதிலாகுமா?

இசையில் சிக்கல் வேறு மாதிரி. பாட்டு காதுக்கு இனிமையாகவே வரும். கோளாறு அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், இணையத்தில் கிடைத்த ஓரளவு தரமான இசைக்கோப்புகள் ஏறக்குறைய அனைத்தையும் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதாக 2024இல் சூனோ ஒப்புக்கொண்டது. அது சட்டம் அனுமதிக்கும் நியாயமான பயன்பாடே என்றும் வாதிட்டது. அதே ஆண்டு 'லால் சலாம்' படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ வழியே பயன்படுத்திய ஏ.ஆர்.ரகுமான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய தொகையும் கொடுத்ததாக அறிவித்தார். செத்தவரின் விருப்பத்தைக் குடும்பம் சொல்ல முடியுமா என்று இன்னும் வாதிடலாம். ஆனால் அங்கே கேட்க ஒரு வாசல் இருந்தது. பெயர் சொல்லிப் பொறுப்பேற்க ஒரு மனிதர் இருந்தார்.

பொறுப்பைத் தட்டிக்கழிப்பதில் கனடாவில் நடந்தது இன்னும் வெளிப்படை. பாட்டி இறந்த துக்கத்தில் டிக்கெட் எடுக்க வந்தவருக்கு, கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டுப் பெறலாம் என்று ஏர் கனடாவின் அரட்டைக் கருவி தவறாகச் சொன்னது. பணத்தைக் கேட்டபோது நிறுவனம் வாதிட்டது என்ன தெரியுமா? அந்தக் கருவி தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி ஆள்! தீர்ப்பாயம் 2024இல் அதை ஏற்கவில்லை. பணத்தைக் கொடு என்றது.

இது பழைய உத்திதான். கேள்வி கேட்க முடியாத ஒன்றை முன்னால் நிறுத்து. லாபத்தை நீ எடு. பழியை அதன் தலையில் போடு. 'எல்லாம் அவன் செயல்' என்பதை எதிர்த்து மேடை மேடையாகப் பேசியவர்களின் பேரப்பிள்ளைகள், 'ஏஐ சொல்லுது' என்றதும் கைகட்டி நிற்கிறார்கள். ஜாதகத்தைக் கிழித்தெறிந்த வீட்டில், மகளுக்கு எந்தப் படிப்பு, அம்மாவுக்கு எந்த மாத்திரை என்று திரையிடம் கேட்டு, சொன்னதை அப்படியே செய்கிறார்கள். மாறியது சாமி மட்டுமே.

கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அது தந்ததன் அடியில் உங்கள் கையெழுத்தைப் போட்டு, தண்டம் வந்தால் கட்டவும் தயாராக இருங்கள். அதற்குத் துணிவில்லாத இடத்தில் நீங்கள் செய்வது சாமி கும்பிடுவதுதான். அதைத்தான் செய்கிறோம் என்றாவது ஒப்புக்கொள்ளுங்கள்.