குதிரைக்குத் தெரியாத கணக்கு

பிரிக்பீல்ட்ஸ் சமய வகுப்பு முடிந்ததும், கிள்ளான் தம்பி ஒருவர் கேட்டார்:

"அண்ணே, வார இறுதியில குதிரை லாயத்துல வேலை செய்றேன். சம்பளம் இல்ல; பதிலுக்குக் குதிரையேற்றம் சொல்லித் தர்றதா பேச்சு. ரெண்டு மாசமா லத்திதான் அள்றேன், பாடம் ஒன்னும் நடக்கல. பலனை எதிர்பார்க்காதேன்னு கீதை சொல்லுதே, அப்போ நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?"

நல்ல கேள்வி.

லத்தி அள்ளுவது இழிவில்லை. லாயத்தில் ஈரம் தேங்கினால் குளம்பு அழுகும். மூத்திர நெடி குதிரையின் மூச்சையே கெடுக்கும். பாரதப் போரின் 14ஆம் நாள், ஜயத்ரதனைத் தேடிப் போகும் வழியில், களத்தின் நடுவே குதிரைகளை அவிழ்த்து, தைத்திருந்த அம்புகளைப் பிடுங்கி, தண்ணீர் காட்டியவர் கிருஷ்ண பகவான். கீதை சொன்னவரும் அவரே.

ஆனால், பலனில் பற்று வைக்காதே என்பது உழைப்பவன் மனத்துக்குச் சொன்னது. அடுத்தவன் உழைப்பைச் சும்மா வாங்கிக்கொள்ள முதலாளிக்குக் கொடுத்த அனுமதி அல்ல. பேசிய பேச்சைக் காப்பது அவர் தர்மம். கேட்பது உன் தர்மம். பயந்து வாய் மூடிவிட்டு, அதற்குப் பற்றின்மை என்று பேர் வைக்கலாமா? வில்லைக் கீழே போட்ட அர்ஜுனனைப் பகவான் பாராட்டவில்லை. எழுந்து நில் என்றார்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்தக் கணக்கு உனக்கும் முதலாளிக்கும் நடுவில். குதிரைக்கு அது தெரியாது, தாகம்தான் தெரியும்.

அதனால தம்பி, தைரியமா போய்க் கேளு. சொல்லித் தரலைன்னா விட்டுட்டு வா. ஆனா கிளம்புற அன்னிக்கும் வாளியில தண்ணி நிரப்பிட்டுத்தான் வரணும்.