யந்திரத்தால் குறையுமோ மனிதத்தன்மை?



கோடை விடுமுறையில் நம் பங்கு வாலிபன் ஒருவன் கணினியில் விளையாடிக்கொண்டிருந்ததை அருகிருந்து பார்த்தேன். ‘சைபர்பங்க் 2077’ என்பது அவ்விளையாட்டின் பெயர். 2020 டிசம்பரில் வெளிவந்தது. அதில் வரும் ஆள் தன் கண்ணுக்கும் கைக்கும் பதிலாக யந்திர அவயவங்களைப் பொருத்திக்கொள்கிறான். ஆனால் இஷ்டம்போல் பொருத்த இயலாது. 2023-ல் செய்த திருத்தத்தின்படி, ஒரு சரீரம் இவ்வளவு யந்திரத்தைத்தான் தாங்கும் என்று கணக்கு உண்டு. இதற்கு மூலமாகிய, 1988-ல் மைக் பாண்ட்ஸ்மித் இயற்றிய மேசை விளையாட்டிலோ கணக்கு இன்னும் கடுமையானது. யந்திரம் ஏற ஏற ‘மனிதத்தன்மை’ என்னும் எண் இறங்கும்; பூஜ்யமானால் அவன் வெறிகொண்டவனாவான்.

“சாமி, மெய்யாகவே அப்படிக் குறையுமா?” என்று கேட்டான் வாலிபன்.

விளையாட்டில் பிறந்த கேள்வியாயினும் வேடிக்கைக் கேள்வியன்று. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் நம்மோடு ஞாயிறு பூசை காண்கிறார்கள். அவர்களிடம் மனிதத்தன்மை அணுவளவாவது குறைந்ததுண்டோ? சர்வேசுரன் தந்த ஆத்துமத்தை எண்ணிட்டுக் கழிக்க எந்தக் கணக்கனாலும் ஆகாது.

காது கேளாமல் பிறந்த குழந்தையை நினைத்துப் பாருங்கள். தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். அதன் ஒரு பாகம் உட்செவியில். மற்றொன்று காதின் பின்புறம், பாட்டரியால் இயங்குவது. பொருத்திய அன்றே பேச்சு வந்துவிடுமோ? வராது. மாதக்கணக்காய்ப் பயிற்சிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தாய் அருகிருந்து ஒவ்வோர் ஓசையாய்ப் பழக்க வேண்டும். நம் கொற்கை முன்னாளில் முத்துக்குப் பேர்பெற்ற துறை. சிப்பியானது தனக்குள் புகுந்த அந்நியப் பொருளைப் படலம் படலமாய் மூடித் தன்னுடையதாக்கிக்கொள்ளும். அவ்வாறே அந்நியக் கருவியும் தாயின் பொறுமையால் பிள்ளையின் செவியாகிறது.

அப்படியானால் மனிதத்தன்மை குறைவதே இல்லையோ? குறைகிறது, ஆனால் வேறிடத்தில். ‘ஆர்கஸ் 2’ என்னும் செயற்கை விழிக்கருவியை உலகெங்கும் 350-க்கு மேற்பட்ட பார்வையற்றோர் பெற்றிருந்தனர். அதைச் செய்த அமெரிக்கக் கம்பெனி பண நெருக்கடியில் அத்தொழிலைக் கைவிட்டது. பழுதுபார்க்க ஆளின்றி அவர்கள் தவித்த செய்தி 2022-ல் வெளிவந்தது. சிலருக்குக் கிடைத்த வெளிச்சம் மறுபடி அணைந்தது. சொல்லுங்கள், இங்கே மனிதத்தன்மை குறைந்தது யாரிடம்? கருவியை ஏற்றவரிடமா, கைவிட்டவரிடமா?

விளையாட்டில் யந்திரம் அணிந்தவனே தனியாய் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான். வாழ்க்கையில் அது அவன் ஒருவனுடைய கணக்கன்று. கொடுத்தவருக்கும், செய்தவருக்கும், சுற்றியிருக்கும் நமக்கும் அதில் பங்குண்டு. பிறர் சரீரத்தில் ஒன்றை வைத்தவர், அந்தச் சரீரம் உள்ளமட்டும் அதற்குக் கடன்பட்டவர்.

ஆகவே, வாசகரே, காதருகே கருவி அணிந்த பிள்ளையைத் தெருவில் கண்டால் வேடிக்கை பாராதீர்கள். முகம் நோக்கி, நிதானமாய்ப் பேசுங்கள். பாட்டரி வாங்க வழியில்லாத வீடு எதுவென்று விசாரியுங்கள். கருவி வைத்த அன்று மகிழ்ந்த நாம், அது ஓய்ந்த அன்று எங்கே இருந்தோம்? நம்மிடம் கேட்கப்படும் கணக்கு அதுவே.