முதல் மூன்று நாள்

2024 டிசம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. புதிய படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் யாரும் விமர்சனம் வெளியிடக் கூடாது என்று தடை கேட்டது. அதற்கு முந்தைய மாதம்தான், ‘கங்குவா’ வெளியான சில நாட்களில், யூடியூப்காரர்களைத் திரையரங்கு வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று சொல்லி இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

மறுத்தது சரி. காசு கொடுத்துப் பார்த்தவர் வாயைக் கட்ட யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் இந்த வழக்கில் இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. முதல் மூன்று நாளில் திரையரங்குக்கு வருகிறவர்தான் ரசிகர்; வாசலில் மைக்கை நீட்டும்போது அவர் சொல்வதுதான் மக்கள் தீர்ப்பு. தென்காசியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிற எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. அந்த மூன்று நாளும் பெண்களாகிய நாம் எங்கே இருக்கிறோம்?

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி நேரத்தில் தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏராளமான பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு வெள்ளியும் சனியும்தான் வேலை அதிகம். கல்லூரி மாணவிக்கு இரவுக் காட்சி முடிந்து ஊருக்குப் போகப் பேருந்து கிடைக்காது. கிடைத்தாலும் வீட்டில் விட மாட்டார்கள். நேரம் கிடைத்தவர்களுக்கும் முதல் நாள் கூட்டத்தின் ஆட்டமும் இடியும் தெரியும். “நாலு நாள் கழிச்சுப் போவோம்” என்பது நாம் சின்ன வயதிலேயே பழகிக்கொண்ட வாக்கியம்.

குற்றாலம் பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஆண்கள் பக்கம் குளித்துவிட்டு வருகிறவர், “தண்ணி நல்லா விழுது” என்று சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அது பாதி அருவியைப் பற்றிய செய்தி. மறுபக்கத்தில் தண்ணீர் எப்படி விழுகிறது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வழியில்லை. அருவிக்கரையில் எல்லோருக்கும் இது புரிகிறது. திரையரங்கு வாசலில் மட்டும் மறந்துபோகிறது.

பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்ட் 23 அன்று, ஒரு வெள்ளிக்கிழமை, வெளியானது. வேறொருவனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, அவளுக்கு நிச்சயித்த பாண்டியும் உறவினர்களும் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கொண்டுபோகிறார்கள். படத்தில் பின்னணி இசை கிடையாது. மீனா கிட்டத்தட்ட எதுவுமே பேசுவதில்லை. முடிவு பார்வையாளரிடம் விடப்படுகிறது. பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போன படம் அது. நம் ஊர் வாசல்களில் கேட்டது, “மெதுவா போகுது, கதையே இல்ல, முடிவே இல்ல.”

இந்தக் கருத்தைச் சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. பல பெண்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் என் சித்தி, பின்னால் கைப்பேசியில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பீடி இலையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னது வேறு: “பேசலைன்னு சொல்லுதாங்க. பேசுனா என்ன நடக்கும்னு தெரிஞ்ச பிள்ள பேசுமாட்டி?”

மீனாவின் மௌனத்தைக் குறையாகப் பார்ப்பது ஒரு பார்வை. அது பிழைத்திருப்பதற்கான வழி என்று பார்ப்பது இன்னொரு பார்வை. இரண்டாவதைச் சொல்லும் அனுபவம் உள்ளவர்கள் வருவதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. சின்னப் படத்துக்குத் திரையரங்கில் ஆயுள் ஒரு வாரம். நாம் கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே வேறு சுவரொட்டி இருக்கும். அப்புறம் என்ன சொல்வார்கள்? “இந்த மாதிரிப் படத்துக்குப் பெண்கள் வருவதில்லை.” அடுத்த தயாரிப்பாளர் அதைக் காரணம் காட்டுவார்.

முன்பு சுவரொட்டிகளில் ‘தாய்க்குலத்தின் பேராதரவுடன்’ என்று போடுவார்கள். இன்று அதே இடத்தில் ‘குடும்ப ஆடியன்ஸ்’. வசூலுக்கு நம் வருகை வேண்டும். ஆனால் நம்மைத் தாயாகவோ குடும்பமாகவோதான் கூப்பிடுவார்கள். படம் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஒருத்தியாகக் கூப்பிட்டதில்லை. காமிரா யாருடைய கண்ணாக இருக்கிறது என்று 1975-இல் லாரா மல்வி கேட்டார். அந்தக் கேள்வியோடு, இருட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் நாம் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

“கலைக்கு ஆண் பெண் ஏது? நல்ல விமர்சகர் இதையெல்லாம் தாண்டியவர்” என்று என் மாணவிகளே வாதிடுகிறார்கள். பெண் சொல்வதெல்லாம் உண்மை என்று நான் சொல்லவில்லை. நாயகியை அறையும் நாயகனுக்குக் கைதட்டும் பெண்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். என் குறை வேறு. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது நேர்மையான வாக்கியம். ‘மக்களுக்குப் பிடிக்கவில்லை’ என்பது அங்கே இல்லாதவர்களுடைய பெயரையும் சேர்த்துப் போட்ட கையெழுத்து. கடுமையான விமர்சனத்தால் படத்துக்கு நட்டம் வரலாம், அது தொழில். பிறர் பெயரில் கையெழுத்திடுவது அறம் சார்ந்த தவறு.

ஆகவே மூன்று நாள் தடை நமக்குத் தீர்வு ஆகாது. நான்காம் நாளும் அதே குரல்தான் முதலில் பேசும். விமர்சகர் தான் பார்த்தது எந்தக் காட்சி, அரங்கில் யார் இருந்தார்கள் என்று எழுதலாம். இரண்டாவது வாரம் இன்னொரு முறை போய்ப் பார்க்கலாம். நாமும் “நமக்கென்ன தெரியும்” என்று சொல்வதை விட்டுவிட்டு, அடுக்களையிலும் சுளகைச் சுற்றியும் பேசுவதை எழுதி வைக்கலாம்.

‘கொட்டுக்காளி’யில் ஒரு காளை ஆட்டோவை மறித்து நிற்கும். ஆண்கள் என்ன செய்தும் அது நகராது. ஒரு சிறுமி வந்து சாதாரணமாக அதைக் கூட்டிப்போவாள். இந்தக் காட்சியைச் சொன்னபோது என் சித்தி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று எந்த வாசலிலும் யாரும் அவளிடம் மைக்கை நீட்டியதில்லை.