கொழுக்கட்டை யாருக்குச் சொந்தம்?

ஒரு படையலின் புனிதம் அது பிறந்த கதையில் இருக்கிறதா, அதைச் செய்து பகிர்கிற ஒழுங்கில் இருக்கிறதா? குமரி மாவட்டத்துக் கோட்டாற்றுச் சுற்றுவட்டாரத்தின் சமையற்கட்டுகளே இதற்கு விடை சொல்லும். திருக்கார்த்திகைக்குப் பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலக்காய் எல்லாம் பிசைந்து பனங்குருத்தோலைக்குள் வைத்துக் கட்டி அவிக்கிறார்கள். வெந்தபின் ஓலையைப் பிரித்தால் அதன் மணம் மாவில் ஏறியிருக்கும். ஓலையின் வரிகள் கொழுக்கட்டையின் மேல் பதிந்திருக்கும். ஆடிச் செவ்வாயில் தாழக்குடிப் பக்கத்து ஔவையாரம்மன் கோயிலில் பெண்கள் கூடிக் கொழுக்கட்டை அவிக்கிறார்கள். வீட்டில் இரவில் நடக்கும் ஔவை நோன்புக்கு உப்பில்லாத கொழுக்கட்டை. ஆண்பிள்ளைகள் கண்ணில் அது படக்கூடாது. 'மறந்தால் மாசி, தட்டினால் தை, அசந்தால் ஆடி' என்று நாள் தவறாமல் காக்கும் நோன்பு அது. விநாயகர் சதுர்த்திக்கும் கொழுக்கட்டைதான். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களுக்கோ குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய நாளே கொழுக்கட்டைச் சனி.

மூலக்கதையே பொருளைத் தருகிறது, அதை விட்டால் மிஞ்சுவது வெறும் பலகாரம் என்று சிலர் வாதிடலாம். சீனத்துக் கொழுக்கட்டையைப் பார்ப்போம். குளிரில் காது விறைத்த ஏழைகளுக்காகக் கிழக்கு ஹான் காலத்து மருத்துவர் சாங் சோங்சிங் காது வடிவில் அதைச் செய்தார் என்பது ஒரு கதை. ஆங்கிலத்தில் 'பாட்ஸ்டிக்கர்' எனப்படும் வகைக்கு, வாணலியில் ஒட்டிக் கருகவிட்ட சமையற்காரர் ஒருவரைக் காரணம் காட்டுவது இன்னொரு கதை. இரண்டுக்கும் உறுதியான சான்று இல்லை. துர்பான் அருகே அஸ்தானா கல்லறைகளில் தாங் காலத்து (618–907) கொழுக்கட்டைகள் உலர்ந்த நிலையில் கிடைத்திருப்பதுதான் கைக்கு எட்டும் சான்று. கதை நிரூபணமாகவில்லை என்பதற்காக வடசீனத்தில் புத்தாண்டு இரவில் குடும்பமாக உட்கார்ந்து கொழுக்கட்டை பிடிப்பதை யாரும் நிறுத்திவிடவில்லை.

அப்படியானால் எல்லாக் கொழுக்கட்டையும் ஒன்றுதானா, நோன்பு எதற்கு என்பது வலுவான மறுப்பு. ஒன்றல்ல. உப்பை விலக்குவதும் ஓலையில் பொதிவதும் குறித்த நாளுக்குக் காத்திருப்பதும் வெவ்வேறு ஒழுக்கங்கள். ஒவ்வொன்றும் தன் சமூகத்தை ஒரு விதமாகப் பழக்குகிறது. ஆனால் அந்த வேறுபாட்டை உண்டாக்குவது செய்பவர்களின் கவனம். முதலில் செய்தது யார் என்ற உரிமைப்பத்திரம் அதை உண்டாக்குவதில்லை. ஆகவே மாவு எந்த மதத்தில் முதலில் வெந்தது என்று வழக்காடுவது வழிபாட்டுக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை. தன் நோன்பை வழுவாமல் காத்து, அடுத்த வீட்டார் கொடுத்ததையும் மதிப்போடு வாங்கி உண்பவரே படையலின் பொருளை முழுதாக அறிந்தவர்.