வீட்டுக்கு ஏது தடைக்காலம்?

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 அன்று எங்கள் பக்கத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். மீன் இனப்பெருக்கம் செய்கிற காலம், கடலைக் கொஞ்சம் சும்மா விடுங்கள் என்பது உத்தரவு. 2001இல் 45 நாளாகத் தொடங்கியது 2017இல் 61 ஆனது. கிட்டத்தட்ட இதே நாட்களில்தான் பள்ளிகளின் கோடை விடுமுறையும் வருகிறது. ஆக உச்சிப்புளியிலும், மண்டபம் வரை போகிற ஊர்களிலும், வருடத்தில் ஒன்றரை மாதம் கடலுக்கு ஓய்வு, பிள்ளைகளுக்கு ஓய்வு, படகுக்கும் ஓய்வு. அந்த ஓய்வெல்லாம் வந்து சேருகிற இடம் வீடு. வீட்டுக்கு அதுதான் சீசன்.

எங்கள் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். எனக்கு வீட்டில் தையல் மெஷின். சித்திரை, வைகாசி கல்யாண மாதங்கள் என்பதால் பிளவுஸ் துணி வந்து குவிவதும் இப்போதுதான். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அது வந்து சேரும்வரையும், வந்த பிறகும், கையில் காசாகப் புரள்வது தையலில் வருவது மட்டும். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு எட்டு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் ஒரு கேள்வியை யோசிக்கிறேன். எல்லாவற்றையும் செய்ய முடியாது என்று தெரிந்த பிறகு, எதைச் செய்யாமல் விடுவது நியாயம்?

முதலில் செலவு. பள்ளிக்கூடம் திறந்திருக்கும்போது அது படிப்பை மட்டும் கொடுப்பதில்லை. 1982இல் விரிவான சத்துணவுத் திட்டம் வந்ததிலிருந்து மதியச் சோறு பள்ளியில். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடும் அங்கேயே. பள்ளியை மூடியதும் இரண்டும் அடுப்பங்கரைக்குத் திரும்பி வருகின்றன. அரிசியாவது ரேஷனில் கிடைக்கும். தண்ணீர்? ராமநாதபுரம் மாவட்டத்தில் நல்ல தண்ணீர் என்பது குடக்கணக்கு. பிள்ளைகள் அரியமான் கடலில் ஆடிவிட்டு வந்தால் உப்பைக் கழுவ ஆளுக்கு இரண்டு குடம். கச்சான் காற்று கிளம்பிவிட்டால் பெருக்கிய இடத்தில் அரை மணி நேரத்தில் மறுபடி மணல். வருமானம் குறைகிற அதே நாட்களில் வேலை கூடுகிறது.

இதற்கு எங்கும் கிடைக்கிற ஆலோசனை ஒன்று உண்டு. அட்டவணை போடுங்கள், காலையில் யோகா, பிறகு ஓவியம், மாலையில் நீச்சல், ‘தரமான நேரம்’ செலவிடுங்கள். நல்ல ஆலோசனைதான். ஆனால் அந்த அட்டவணையை நடத்துகிற ஆளுக்கு வேறு வேலையே இல்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. மெஷினில் உட்கார்ந்து கழுத்துப்பட்டி திருப்பிக்கொண்டிருக்கும்போது “அம்மா, போரடிக்குது” என்ற குரல் கேட்டால், அந்த அட்டவணையில் எனக்கான பதில் இல்லை.

டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேய உளப்பகுப்பாய்வாளர் 1953இல் ‘போதுமான அளவுக்கு நல்ல தாய்’ என்ற எண்ணத்தை எழுதினார். தாய் முதலில் குழந்தைக்கு ஏறக்குறைய முழுதாக ஈடுகொடுக்கிறாள். பிறகு, குழந்தை தாங்கிக்கொள்ளப் பழகப் பழக, கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறாள். அந்தக் குறை வழியாகத்தான் குழந்தை உலகத்தைச் சந்திக்கிறது. அவர் பேசியது கைக்குழந்தையைப் பற்றி. எட்டு வயதுப் பையனுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். போரடிப்பதாகச் சொன்னவன் ஒரு மணி நேரத்தில் நுங்குக் கோந்தையில் வண்டி கட்டி உருட்டிக்கொண்டு போகிறான். அதைச் சொல்லிக்கொடுக்க நான் எழுந்து போக வேண்டியிருக்கவில்லை. மூன்று வேளையும் சூடாகச் சமைக்காமல் காலையில் பழைய சோறும் கருவாடும் வைப்பது, துணியை மடிக்காமல் கூடையில் போட்டு வைப்பது எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். இவற்றை விடுவதில் குற்றவுணர்ச்சிக்கு இடமில்லை.

ஆனால் ‘எதார்த்தமாக இருங்கள்’ என்று சொல்வதில் ஒரு வழுக்குப்பாறை இருக்கிறது. நான் விடுகிற வேலைகளில் சில, செய்யப்படாமல் கிடப்பதில்லை. இன்னொருத்தர் கைக்குப் போகின்றன. பெரும்பாலும் அது மூத்த பெண்பிள்ளையின் கை. தம்பிக்குச் சோறு போடுவது, தண்ணீர் பிடிப்பது, வெளியே வெயிலில் அலையாமல் அவனைப் பார்த்துக்கொள்வது. “பொம்பளப் புள்ள, பொறுப்பா இருக்கு” என்று தெருவே பாராட்டும். அந்தப் பாராட்டு கூலி கொடுக்காத வேலைக்கு வாங்குகிற கையெழுத்து.

என் மாமியார் சொல்வார்: “நாங்கல்லாம் அஞ்சு புள்ளய வளத்தோம். ஒரு நாளு இப்படி அலுத்துக்கிட்டிருப்பமா?” உண்மைதான். அவர் அலுத்துக்கொண்டதை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். “அத்தை, பெரிய அண்ணி ஏன் அஞ்சாப்போட நின்னாங்க?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் வெற்றிலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “கைக்குழந்தைய யாரு பாக்குறது?” என்றார். அந்த ஐந்து பிள்ளை வளர்ப்புக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கட்டியது அண்ணியின் ஆறாம் வகுப்பு.

அமர்த்தியா சென் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில் குடும்பத்தை ஒத்துழைப்பும் முரணும் ஒன்றாக இருக்கிற இடம் என்கிறார். யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது ஒருவர் உண்மையில் எவ்வளவு உழைக்கிறார் என்பதை மட்டும் பொறுத்ததல்ல, எவ்வளவு உழைப்பதாகத் தெரிகிறது என்பதையும் பொறுத்தது. கடலுக்குப் போனது தெரியும், கருவாடு காயப்போட்டது தெரியாது. 2024இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, இந்தியாவில் கூலியில்லா வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 289 நிமிடம் கொடுக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அதிலும் அது, வீட்டுவேலை செய்கிற ஆண்களின் சராசரி மட்டும். வேலையைத் தொடாதவர்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

அப்படியானால் பிள்ளைகள் வேலையே செய்யக் கூடாதா? அப்படி நான் நினைக்கவில்லை. தன் தட்டு, தன் பாய், தான் குளித்த ஈரத்துணி, தான் செலவழித்த தண்ணீருக்கு ஒரு குடம். இதெல்லாம் மகளுக்கும் மகனுக்கும் ஒன்றுபோல. அதைத் தாண்டி இன்னொரு உயிருக்கு நாள் முழுக்கப் பொறுப்பாவது உதவி இல்லை, அம்மாவின் இடத்தில் ஆள் மாற்றுவது. எனக்கு ஒரு சின்ன சோதனை உண்டு. இந்த வேலையை இவள் ஒரு நாள் மறந்துவிட்டால் வீடு நின்றுபோகுமா? நின்றுபோகும் என்றால் அது பிள்ளையிடம் இருக்க வேண்டிய வேலை அல்ல.

அப்போது யாரிடம்? கரையில் நிற்கிற இன்னொரு பெரிய ஆளிடம்தான். அவரைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். படகுக்கு மராமத்து, வலை பொத்தல் என்று கூப்பிட்டால் போகிறார், கூப்பிடாத நாளில் கடனை நினைத்துக்கொண்டு திண்ணையில் இருக்கிறார். “சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன்ல?” என்பது அவருடைய வாசகம். மனமறிந்துதான் சொல்கிறார். அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019இல் இதைப் பற்றித்தான் எழுதினார். வீட்டுவேலையில் கை செய்கிறது ஒரு பாதி என்றால் தலை செய்கிறது இன்னொரு பாதி. என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று பார்ப்பது. ‘சொன்னால் செய்வேன்’ என்பதில் கை மட்டும்தான் மாறுகிறது. அதனால் எங்கள் வீட்டில் இந்த வருடம் வேலையைப் பிரிக்கவில்லை, பொருளைப் பிரித்தோம். தண்ணீர் முழுசாக அவருடையது. டிரம் குறைவதைக் கவனிப்பதிலிருந்து வண்டிக்காரருக்குப் போன் பண்ணுவது, காசு எடுத்து வைப்பது வரை. முதல் வாரம் ஒரு நாள் தண்ணீர் தீர்ந்தது. நான் போன் பண்ணவில்லை. அன்றைக்கு எல்லாரும் உப்போடு படுத்தார்கள்.

கடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அரசுக்கு எப்போது தோன்றியது? அள்ளிக்கொண்டே இருந்தால் ஒருநாள் வராது என்று தெரிந்த பிறகு. அதனால் தேதி குறித்தார்கள், மீறினால் நடவடிக்கை என்றார்கள், நஷ்டப்படுகிறவருக்கு நிவாரணம் வைத்தார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்க்கு ‘உதவி’ என்று பெயர் வைக்காமல் மகளிர் ‘உரிமைத் தொகை’ என்று வைத்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் நேரத்தை எந்த அரசும் வங்கிக் கணக்கில் போட முடியாது. அதை வீட்டுக்குள்தான் குறிக்க வேண்டும்.

நாங்கள் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை குறித்திருக்கிறோம். அந்த நேரத்தில் “அம்மா” என்று யாரும் கூப்பிடக் கூடாது. மெஷினும் ஓடாது. மகளையும் யாரும் எதற்கும் ஏவக் கூடாது. 61 நாளோடு ஒப்பிட்டால் இரண்டு மணி நேரம் ஒன்றுமே இல்லை. மகன் சில நாள் மீறுகிறான். “தடைக்காலம்டா” என்று அப்பாதான் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போகிறார்.